ஸ்டாப் லாஸுக்கு ஆஃப்செட் கிடையாது

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவன் கேட்டான்: "நீ ஷேர் மார்க்கெட்லாம் கத்துக்கினியாமே, அப்புறம் ஏன்ப்பா இன்னும் ஷிஃப்ட்டுக்குப் போற?" பெரியவள் அவன் தலையில் ஒன்று வைத்தாள். உங்கள் அம்மா சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றினாள். பதிலை வாயால் சொன்னால் பாதியில் நீங்கள் போனை எடுத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, கணக்கை முடித்து எங்களுக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். அவ்வளவு பணம் மொத்தமாக என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இது பெரியவளின் காலேஜுக்கு என்று உங்கள் அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள். பெரியவள் அப்போது பதினொன்றாவது. நர்சிங்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் திருமழிசையில் வேறு வேலை கிடைத்தது. அதே சி.என்.சி. மெஷின்தான், சம்பளம் மட்டும் குறைவு. பாங்கில் போட்ட பணம் அங்கேயே தூங்கும், ஃபீஸ் ஏறிக்கொண்டே போகும் என்று எனக்கு ஒரே பயம். பெரியவள் ஸ்கூலை முடிப்பதற்குள் அதைக் கொஞ்சம் பெருக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

புதுக் கம்பெனியில் பக்கத்து மெஷின்காரர் போனில் ஒரு குரூப் வைத்திருந்தார். காலையில் அதில் ஒரு பங்கின் பேர் வரும். வாங்க வேண்டும், மதியம் விற்க வேண்டும், அவ்வளவுதான். என்னையும் சேரச் சொன்னார். எதற்கு வாங்குகிறோம் என்று கேட்டேன். "நீ இன்னா மாமே, பஸ்ல ஏறுறதுக்கு முன்ன இன்ஜினத் தொறந்து பாப்பியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் சேரவில்லை. மெஷினை ஓட்டுகிறவனுக்கு உள்ளே என்ன சுற்றுகிறது என்று தெரியாமல் பட்டனைத் தொட மனசு வராது.

உங்கள் அம்மாதான் வழி காட்டினாள். அயனம்பாக்கம் ஏரி பக்கத்து ஃபிளாட்டுகளுக்கு அவள் பிளவுஸ் தைத்துக் கொடுப்பாள் இல்லையா, அங்கே ஒரு வீட்டைப் பற்றி வந்து சொன்னாள். "அந்த ஊட்டுப் பொண்ணு கொழந்தைய ஆட்டிகினே கம்ப்யூட்டர்ல ஷேர் பாத்துகினு கீது. கத்தும் குடுக்குமாம். கேட்டுப் பாரேன்."

அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பதினைந்து வயசாவது குறைவாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். ஐ.டி. வேலையைக் குழந்தைக்காக விட்டவர். நான் டீச்சர் என்று கூப்பிட்டேன், அவர் என்னை அண்ணாச்சி என்றார். நம்ம பக்கத்தில் மளிகைக் கடைக்காரரைத்தானே அப்படிச் சொல்வோம், முதல் நாள் எனக்குக் கடை வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் சொல்லித் தருவார். ஹாலில் குழந்தையின் தொட்டில், அதற்குப் பக்கத்திலேயே மேஜை, இரண்டு நாற்காலி. குழந்தை தூங்குகிற நேரம்தான் வகுப்பு நேரம். அதனால் முதல் விதியே சத்தம் போடக் கூடாது என்பது. விலை ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, நாங்கள் ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேசுவோம். இரண்டாவது விதி, எந்தப் பங்கை வாங்கலாம் என்று அவரிடம் கேட்கக் கூடாது.

எனக்கு மதியம்தான் ஷிஃப்ட். காலையில் வெள்ளானூரிலிருந்து வண்டியில் கிளம்பி, மார்க்கெட் திறப்பதற்குள் போய்விடுவேன். முதல் மாதம் முழுக்க ஒரு பங்குகூட வாங்க விடவில்லை. விலைப் படத்தைப் பாருங்கள், இது ஏன் இறங்கியது, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்பார். தெரியாது என்றால் சந்தோஷப்படுவார். தெரியாததைத் தெரியும் என்று சொன்னால்தான் முகம் மாறும். அதற்கப்புறம் ஒரே ஒரு பங்கு வாங்க விட்டார். வாங்குவதற்கு முன்னாலேயே ஸ்டாப் லாஸ் எங்கே என்று சொல்லியாக வேண்டும். அதாவது, நான் நினைத்தது தப்பாகி விலை இறங்கினால், இந்த இடத்தில் விற்றுவிட்டு வெளியே வந்துவிடுவேன் என்று முதலிலேயே போட்டு வைக்கிற கோடு.

ஒரு நாள் நான் வாங்கிய பங்கு இறங்கத் தொடங்கியது. டீச்சர் சமையல் கட்டில் பால் ஆற்றிக்கொண்டிருந்தார். விலை கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. நான் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். மறுபடியும் வந்தது, மறுபடியும் இறக்கினேன். டீச்சர் திரும்பி வந்து ஸ்க்ரீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுதீங்க?"

நான் ஒளிக்கவெல்லாம் இல்லை. சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்கமாகவே சொன்னேன். எங்கள் மெஷினில் இரும்பை வெட்டுகிற டூல் தேயத் தேய, வெட்டி வருகிற பீஸின் அளவு கொஞ்சம் கொஞ்சமாக விலகும். அதற்காக வேலையை நிறுத்த மாட்டோம். எவ்வளவு விலகியதோ அந்த எண்ணை மெஷினில் போட்டால் அடுத்த பீஸ் சரியாக வரும். அதுதான் ஆஃப்செட். இத்தனை வருஷம் என் கை செய்தது அதைத்தான். இங்கேயும் விலை கொஞ்சம் விலகுகிறது, நானும் கொஞ்சம் ஆஃப்செட் கொடுத்தேன்.

டீச்சர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். பீஸ் சரியா தப்பா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? கேஜ் என்று ஒரு அளவு வளையம் இருக்கிறது, அதற்குள் போனால் சரி, போகாவிட்டால் ரிஜெக்ட் என்றேன். போகாததை என்ன செய்வீர்கள்? சிவப்பு டப்பாவில் போட்டுவிடுவோம் என்றேன். அப்போது அவர் தொட்டிலைப் பார்த்துக் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"பீஸ் போகலன்னா கேஜை ராவிப் பாப்பீங்களா, அண்ணாச்சி?"

அரத்தை எடுத்துக் கேஜை ராவுகிறவனை எங்கள் கம்பெனியில் கேட்டுக்கு வெளியேதான் தேட வேண்டும். எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டேன். டீச்சரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் அந்தப் பங்கு நான் கடைசியாக இறக்கிய கோட்டையும் தாண்டி விற்றுப் போயிருந்தது. "சிவப்பு டப்பால போட்டாச்சு, விடுங்க" என்றார்.

ஆறு மாதம் போனது. கேஜை ராவுவதை விட்டுவிட்டேன். ஏறுவதும் இறங்குவதுமாக, பெரிய லாபம் இல்லை, நஷ்டமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இனிமேல் அந்த அம்பத்தூர் கம்பெனி கொடுத்த பணத்தைக் கொண்டுவரலாம் என்று ஒரு காலையில் டீச்சரிடம் சொன்னேன். எதற்காக வைத்திருக்கும் பணம் என்று கேட்டார். பெரியவளின் நர்சிங் சீட்டுக்கு என்றேன். அவர் தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அதுக்கு ஸ்டாப் லாஸ் எங்க போடுவீங்க?"

யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை? கால்வாசியா? அந்தக் கால்வாசிக்கு நான் எங்கே போவேன்? கொஞ்சம் குறைந்தாலும் பெரியவளிடம் என்ன சொல்வேன்? போடுவதற்கு எனக்கு இடமே கிடைக்கவில்லை. இடமில்லை டீச்சர் என்றேன்.

"அப்போ அது இங்க வர்ற பணம் இல்ல. பாங்க்லயே தூங்கட்டும் அண்ணாச்சி. தூங்குறத எழுப்பாதீங்க."

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். தினமும் வாங்கி விற்கிற வேலையில் வீட்டுச் செலவுக்குப் பணம் பார்ப்பது கஷ்டம், எனக்கே பல மாதம் முடிவதில்லை, உங்களுக்கு முடியும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன் என்றார். கற்க வேண்டியதைக் கற்றாகிவிட்டது, இனி உங்களிடம் ஃபீஸ் வாங்குவது நியாயமில்லை என்றும் சொன்னார். இன்னும் ஒரு வருஷம் என்னை உட்கார வைத்துச் சம்பளம் வாங்கியிருக்கலாம். நானும் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். அன்றைக்குப் போகும்போது குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கிப் போயிருந்தேன். அதைக் கொடுத்தபோது, நீங்கள் போன பிறகுதான் குழந்தை கையில் கொடுப்பேன் என்றார்.

பணம் பாங்கிலேயே இருந்தது. கொஞ்சம் வட்டியும் சேர்ந்தது. ஃபீஸ் ஏறியதற்கு ஈடாகவில்லைதான். மீதிக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் பார்த்தேன், அம்மா ராத்திரியும் தையல் மெஷினை மிதித்தாள். சின்னவனே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். நான் ஷிஃப்ட்டுக்குப் போவதால்தான் அந்தப் பணத்தை யாரும் தொடவில்லை.

பக்கத்து மெஷின்காரர் ஒரு நாள் அந்த குரூப்பை போனிலிருந்து எடுத்துவிட்டார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பெரியவளே, அட்மிஷன் அன்றைக்குக் காலேஜ் கவுண்டரில் மொத்தத்தையும் கட்டிவிட்டு, உன்னை மரத்தடியில் நிற்க வைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனேன், ஞாபகம் இருக்கிறதா? யாருக்குப் போன் பண்ணினாய் என்று நீ கேட்டாய். டீச்சருக்குத்தான். ஃபீஸ் கட்டியாச்சு டீச்சர், சீட்டு கிடைச்சிடுச்சு என்று சொல்லும்போது என் குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது.

அந்தப் பக்கத்திலிருந்து அதே ரகசியக் குரல்.

"ரொம்ப சந்தோஷம் அண்ணாச்சி. மெதுவாப் பேசுங்க, பிள்ள இப்பதான் தூங்குது."