ருக்கையா சொன்னதும் டாக்டர் கேட்டதும்

தேக்கா சென்டர் மாடியில், சேலைக்கடைகளுக்கு நடுவே, இரண்டு தையல் மெஷினோடு ஒடுங்கிக் கிடக்கும் கடை ருக்கையாவுடையது. பக்கத்தில் வளையல், பொட்டு, பாவாடை நாடா விற்கும் கடை என்னுடையது. என் பெயர் மங்களம். எங்களுக்கு நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவள் இருமினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். அதனால் ருக்கையாவைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாகூரிலிருந்து ஹுசைனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பெரிய படிப்பு கிடையாது. தமிழ் தெரியும், இங்கே வந்த பிறகு கறிக்கடையிலும் காய்கறிக்கடையிலும் பொறுக்கிக்கொண்ட மலாய் கொஞ்சம் தெரியும். ஆங்கிலம் "டுமாரோ", "ஃபினிஷ்" என்பதோடு நின்றுவிடும். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா. தீபாவளிக்கு முந்தின வாரம் துணியைக் கொண்டுவந்து நாளைக்கே வேண்டும் என்பவர்களை ஒரு பிடி பிடிப்பாள். "நாளைக்கேவா? நான் என்ன ஜின்னை வச்சாத் தைக்கிறேன்?" என்பாள். திட்டு வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே துணியை விட்டுவிட்டுப் போவார்கள். மதியம் அவள் எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைத் திறந்தால் இந்தப் பக்கம் எனக்கு நாக்கு ஊறும். ஊறுகாய் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

கொரோனா வந்த வருஷம் ஹுசைன் தம்பி வீட்டுக் காரியமாக நாகூர் போனார். போன இடத்தில் விமானங்களை நிறுத்திவிட்டார்கள். அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் பண்ணியதை ருக்கையா புக்கிட் மேரா வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தாள். பாதியில் லைன் அறுந்துவிட்டது. புருஷனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா காலத்தை முடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். ஆள் தேறிவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

தேறவில்லை என்று எனக்கு உறைத்தது ஒரு சின்ன விஷயத்தில். ஒரு பெண் துணியைப் போட்டு நாளைக்கே வேண்டும் என்றாள். ருக்கையா "சரி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டிப் பார்த்தேன். துணியை மடியில் வைத்துக்கொண்டு மெஷினையே வெறித்தபடி இருந்தாள். என்ன செய்கிறது என்று கேட்டால் வயிறு எரிகிறது, தூக்கம் இல்லை என்றாள்.

"கீழ ரோட்டைத் தாண்டினா நம்ம தமிழ் டாக்டர் இருக்காரு, வா போலாம்" என்றேன். சாயங்காலமே அவள் மகள் அஃப்ரீன் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆபீஸில் நல்ல வேலையில் இருக்கிற பெண். அப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, அங்க வெயிட்டிங் ரூம்ல பாதி பேரு நம்ம ஆளுங்க லா. உம்மாவுக்கு என்னன்னு நாளைக்கே சிராங்கூன் ரோடு ஃபுல்லா தெரிஞ்சிடும். எங்க பிளாக் பக்கத்துல ஒரு சைனீஸ் டாக்டர் இருக்காரு. நானே கூட்டிட்டுப் போயி டிரான்ஸ்லேட் பண்றேன்."

எங்கள் ஆட்களின் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன. அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் ருக்கையா தடுப்புக்கு மேலே முகத்தை நீட்டி, "எல்லாத்தையும் சொல்லிட்டேன் மங்களம்" என்றாள். "காலையில கண்ணு முழிச்சா ஏன்டா முழிச்சோம்னு இருக்கு. அல்லாஹ் மன்னிக்கணும், அவன் என்னையும் கூப்பிட்டுக்கிட்டாத் தேவலைன்னு இருக்கு. அதையும் சொன்னேன். பெத்த புள்ளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சொல்ல நாக்கு எழும்பலை. இருந்தாலும் சொல்லிட்டேன்."

கையிலிருந்த வளையலைக் கீழே வைத்தேன். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"கேஸ்ட்ரிக்காம். காரம் குறைக்கணுமாம். தூங்க மாத்திரை தந்திருக்காரு."

அன்று முதல் அந்தச் சைனீஸ் டாக்டர் டானை நான் திட்டாத நாள் கிடையாது. ஒரு மனுஷி செத்தால் தேவலை என்கிறாள், இவன் காரத்தைக் குறை என்கிறானே, இவனெல்லாம் என்னத்தைப் படித்துக் கிழித்தான் என்று கத்துவேன். ருக்கையா திட்டவில்லை. அதுதான் கொடுமை. "படிச்ச மனுசன், எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணுமில்லைங்கறாரு. அப்பக் கோளாறு எங்கிட்டதான். என் ஈமான் பத்தலை" என்றாள். நம்பிக்கை குறைந்துவிட்டது என்று தொழுகையைக் கூட்டினாள். ஊறுகாய் பாட்டில் கடையிலிருந்து காணாமல் போனது. மோர் விட்டுப் பிசைந்த வெள்ளைச் சோற்றைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவாள்.

மூன்று வருஷம் இப்படியே ஓடியது. நடுவில் அஃப்ரீனுக்கும் ஜாஃபருக்கும் கல்யாணம் நடந்து அவள் குவீன்ஸ்டவுனுக்குக் குடிபோனாள். ஆனாலும் உம்மா டாக்டரிடம் போகும் நாளில் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பாள். இப்படி ஒரு மகள் யாருக்குக் கிடைப்பாள் என்று நானே கடை கடையாகச் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கொடுத்தது போதாமல் ருக்கையா தனியாக வேறு கிளினிக்குகளுக்கும் போனாள். கன்னத்தில் கையை வைத்துச் சாய்த்துக் காட்டி "ஸ்லீப், ஸ்லீப்" என்பாளாம். சில இடத்தில் கொடுத்தார்கள், சில இடத்தில் கையை விரித்தார்கள். பொத்தான் டப்பாவுக்குள் மாத்திரை அட்டைகளை நானே பார்த்தேன். பட்டப்பகலில் மெஷின் மேல் தலை சாயும். ஒரு நாள் ஊசி விரலில் ஏறிவிட்டது. அவள் கத்தக்கூட இல்லை, நான் போட்ட கூச்சலில்தான் மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அந்தக் கண்றாவி மாத்திரையைத் தூக்கிப் போடு" என்றேன்.

"விட்டாக் கை நடுங்குது மங்களம்" என்றாள்.

என் வீட்டுக்காரர் சேதுபதியும் லேசுப்பட்டவர் இல்லை. வேலை முடிந்தால் காப்பிக்கடையில் பீர் போத்தலோடு உட்கார்ந்துவிடுவார். டாக்டர் குடிப்பீர்களா என்று கேட்டால் "எப்பவாச்சும் லா" என்று சொல்லி வயிற்று மாத்திரை வாங்கி வருவார். அவருக்காவது வாயைத் திறந்தால் வருவது பொய். ருக்கையா ஒவ்வொரு முறையும் உண்மையைத்தான் சொன்னாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோய், ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்து அழுதாள். அஃப்ரீனுக்கு ஆபீஸில் டிரெயினிங். "ரெண்டு நாள் பொறுங்க ஆன்ட்டி, நானே வந்துடறேன்" என்றாள் போனில்.

"ஏன், எனக்கு இங்கிலீஷ் வராதா? நான் இந்த ஊர்ல பொறந்தவ."

"வேணாம் ஆன்ட்டி, ப்ளீஸ். நீங்க போவாதீங்க."

உம்மா மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு கடையைச் சாத்தினேன்.

சண்டை போடும் தயாரிப்போடுதான் ருக்கையாவைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டான் டாக்டர் நான் நினைத்த மாதிரி இல்லை. அமைதியான மனுஷன், எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ருக்கையா பழகிப்போன குரலில் ஆரம்பித்தாள். வயிறு எரிகிறது, தூக்கம் இல்லை, காலையில் ஏன் முழித்தோம் என்று இருக்கிறது, அல்லாஹ் கூப்பிட்டுக்கொண்டால் தேவலை. நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். இது எப்போதிலிருந்து என்று கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று வருஷமாக உங்களிடம்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று சீறினேன்.

"இல்லை" என்றார். "என்னிடம் யாரும் சொன்னதில்லை. வயிறு, தூக்கம், இந்த இரண்டும்தான் என் காதுக்கு வந்தன. வயிற்றுவலி, தலைவலி என்று இங்கே வருகிறவர்களில் நிறைய பேருக்கு உள்ளே இருப்பது மன வேதனைதான். அதனால் நானே கேட்பேன். மனம் சோர்ந்திருக்கிறதா, வாழ்க்கை வெறுத்துப்போகிறதா என்று வரும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். மகள் அதைத் தமிழில் கேட்பார். இவர் இல்லை என்று தலையாட்டுவார்."

ருக்கையா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாரு?"

மருந்தை மாற்றித் தருகிறாராம் என்று ஒரு வரியில் பூசி மெழுகியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்புறம் அஃப்ரீன் செய்ததும் இதுதானே என்று தோன்றியது. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

ருக்கையா நழுவிய முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வர்றப்பல்லாம் அவ எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள். "'உம்மா, இன்னும் காரம் சாப்புடுறீங்களான்னு டாக்டர் கேக்கறாரு.' அதுக்குத்தான் நான் இல்லைன்னு தலையாட்டினேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளோ என் கையைப் பிடித்தாள். "முதல் நாளுமா மங்களம்? அன்னிக்கு எவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னேன். அன்னிக்குமா அவ சொல்லலை? கேளு."

கேட்டேன். அன்றும் இல்லை என்றார் டாக்டர்.

தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று அவரே விளக்கினார். மனசுக்கு வேறு மருந்து எழுதினார். தமிழில் மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒருவர் கிளினிக்குக்கு வருவார், அவரைப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். எந்தத் தமிழுக்குப் பயந்து தமிழ் டாக்டரை விட்டு ஓடிவந்தார்களோ, கடைசியில் அந்தத் தமிழே தேவைப்பட்டது. பஸ்ஸில் திரும்பும்போது ருக்கையா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் அஃப்ரீன் கடைக்கு ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. நான்தான் முதலில் ஆரம்பித்தேன். "ஏம்மா, பெத்தவ சாகணும்னு சொல்றா, நீ ஊறுகாயைப் பத்திப் பேசிட்டு வந்திருக்கியே, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

"ஆன்ட்டி, அப்ப எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துட்டு இருந்துச்சு. டிப்ரெஷன்னு டாக்டர் சொல்லி ஜாஃபர் வீட்ல தெரிஞ்சா பரம்பரையா வரும்பாங்க. கல்யாணம் முடியட்டும்னு வெயிட் பண்ணேன்."

"முடிஞ்சுதான் ரெண்டு வருஷமாச்சே."

"அதுக்கப்புறம் எப்படி சொல்றது? இவ்ளோ நாளா பொய் சொன்னேன்னு அந்த டாக்டர்கிட்ட எப்படி சொல்றது?" என்று அழுதுகொண்டே உம்மாவின் கையைப் பிடித்தாள். "உம்மா, உங்களுக்காகவும்தான். நாலு பேரு உங்களைப் பைத்தியம்னு சொல்லக் கூடாதுன்னுதான் உம்மா."

ருக்கையா கையை விடுவித்துக்கொண்டாள்.

"மூணு வருசமா ஊறுகாயைத் தொடலை புள்ளே" என்றாள். மெஷினுக்கு உறை போட்டாள்.

கவுன்சிலரைப் பார்க்கும் நாளில் அஃப்ரீனும் வந்தாள், நானும் போனேன். கவுன்சிலர் இனியா சின்ன வயதுப் பெண். முன்பின் தெரியாதவள். பெயரைக் கூப்பிட்டதும் நாங்கள் இருவரும் எழுந்தோம். ருக்கையா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ரெண்டு பேரும் வெளிய இருங்க."

மகளை நிறுத்தியது சரி. என்னை ஏன் நிறுத்த வேண்டும்? எனக்குச் சுருக்கென்று தைத்தது. "நான் என்ன பண்ணேன்? நான்தானே உள்ளதை உள்ளபடி சொன்னேன்" என்றேன்.

"சொல்லியிருப்பே" என்றாள் ருக்கையா. "எனக்கு எப்படித் தெரியும்?"

கதவு சாத்திக்கொண்டது. அஃப்ரீனும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். சுற்றிலும் முதுகுவலி, தலைவலி, வயிற்றுவலி என்று வந்தவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ருக்கையாவின் குரல் வெகுநேரம் கேட்டது. அழுகிற மாதிரியும் இருந்தது, திட்டுகிற மாதிரியும் இருந்தது. பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்தே அவளை முழுக்கக் கேட்டுவிட்டதாக நினைத்தவள் நான். இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. அஃப்ரீன் எழுந்து ஓடினாள்.

"உம்மா, என்ன சொன்னாங்க?"

ருக்கையா மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

"காரம் குறைக்கணுமாம்" என்று சொல்லிவிட்டு, எங்களுக்காக நிற்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள்.