மட்டையைக் கீழே போடத் தெரியாதவன்

மூன்று கிழமைகளாக எங்கள் வீட்டில் தாளிக்கும் வாசம் சரியில்லை. கடுகு வெடிக்கிறது, வெங்காயம் பொன்னிறமாகிறது... ஆனாலும் ஒன்று குறைகிறது. கறிவேப்பிலை.

குற்றவாளி நான்தான். ஆயுதம் — ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் மட்டை.

ஜெர்மனியின் பான் நகரில் எங்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் கார்த்திக் இருக்கிறான். சென்னைக்காரன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று இரண்டு தடவை விளக்கினான், இரண்டு தடவையும் தலையாட்டினேன். அமெரிக்காவுக்கு ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தவன் எல்லோருக்கும் சொக்லேட் கொடுத்தான். எனக்கு மட்டும் இந்த மட்டை.

காரணம் இருக்கிறது. பள்ளிக்கூட நாளில் ஒரு கிரிக்கெட் மட்ச்சில் நான் நாற்பத்திரண்டு ஓட்டம் எடுத்த கதையை அவனுக்குக் குறைந்தது ஏழு தடவையாவது சொல்லியிருப்பேன். எதிரணியில் அன்று எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள் என்பதை மட்டும் ஒரு தடவையும் சொல்லவில்லை.

மட்டை என்றால் நம்முடைய மட்டை இல்லை. பேஸ்போல் மட்டை. வீடு கூட்டும் தும்புத்தடியைவிடக் கொஞ்சம் தடிப்பு, நிறை அதைவிடக் குறைவு. பந்தும் பிளாஸ்டிக்தான். உள்ளே வெறும் காற்று, ஒரு பாதியில் மட்டும் நீள நீளமான ஓட்டைகள். அதனால் எறிந்தால் நேரே வராது. வருகிற வழியில் மனம் மாறி வளையும்.

"அங்கிள், இது பேக்யார்ட் பேஸ்பால். கண்ணாடி உடையாது, சத்தமே வராது. சண்டே கூட ஆடலாம்" என்றான்.

அந்தக் கடைசி வசனத்தில் விழுந்துவிட்டேன். இந்த நாட்டில் சத்தமே கூடாத ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்? புல் வெட்டக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வெறும் போத்தலைக் கொண்டுபோய்ப் போத்தல் தொட்டிக்குள் போடக்கூடாது. சத்தமில்லாத விளையாட்டு என்றால் விடலாமா?

ஆனால் தோட்டத்தில் ஓர் ஆள் குறுக்கே நின்றது. என் மனைவி சுகந்தியின் கறிவேப்பிலை.

எட்டு வருடத்துக்கு முன் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாக் கடையில் அவள் வாங்கி வந்த கன்று அது. ரயிலில் முழுவழியும் மடியில் வைத்திருந்தாள். குளிர்காலத்தில் வரவேற்பறையில் அதற்குத்தான் நல்ல ஜன்னல், எனக்கு மூலைக் கதிரை. மே மாத நடுவில் கடைசிப் பனியோடு வரும் சில புனிதர்களின் நாட்கள் கழிந்தால்தான் செடியை வெளியே விடலாம் என்பது இங்குள்ள தோட்டக்காரர்களின் சட்டம். வெள்ளி விரதத்தை மறந்தாலும் மறப்பாள், அந்தப் புனிதர்களை மறக்கமாட்டாள். ஒரு குளிரில் எல்லா இலையும் கொட்டி வெறும் தடியாக நின்றது. நாலு மாதம் அந்தத் தடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். நான் சிரித்தேன். சித்திரையில் துளிர்த்தது. சிரித்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

மட்டையைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒரேயொரு கேள்விதான்.

"என்ர கண்டுக்கு ஏதும் நடக்குமோ?"

"ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. வெயிட்டே இல்ல, பாருங்க" என்று கார்த்திக் பந்தைக் கையில் கொடுத்தான்.

அவள் அமுக்கிப் பார்த்தாள். "எனக்குக் காட்ட வேண்டாம். இவற்ர முதுகில எறிஞ்சு காட்டுங்கோ தம்பி. மெல்லமா இல்லை... இழுத்து எறியுங்கோ."

திரும்பி நின்றேன். எறிந்தான். பொத்தென்று விழுந்தது. "நோகேல்லை" என்றேன். கொஞ்சம் ஏமாந்தவள் போலத்தான் அனுமதி தந்தாள்.

பிறகு மைதானம் அமைத்தோம். சுருட்டிய தண்ணீர்க் குழாய் முதல் பேஸ். கவிழ்த்த சோடாப் பெட்டி இரண்டாவது. மக்கும் குப்பைக்கான மண்ணிற வாளி மூன்றாவது. பழைய கால்மிதி — அதுதான் ஹோம். அதில் நின்று அடிக்க வேண்டும், மூன்றையும் தொட்டு அதற்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம். வழியில் பந்தால் எறிபட்டால் அவுட்.

செடியை எங்கே வைப்பது? அடித்த பந்து முன்னுக்குத்தானே போகும்? ஆகவே அடிப்பவனின் முதுகுக்குப் பின்னால், கால்மிதிக்குப் பக்கத்தில், சுவரோடு வைத்தால் அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. இந்த அருமையான யோசனை யாருடையது என்கிறீர்களா? அதையும் என் வாயால்தான் சொல்ல வேண்டுமா?

விளையாட மூன்று பேர். நான், கார்த்திக், என் மகள் ஆரணி. அவளுக்குப் பத்தொன்பது வயது, பல் மருத்துவரிடம் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறாள். சுகந்தி கதிரையைப் போட்டுப் பயற்றங்காய் முறித்தபடி காவல் இருந்தாள்.

முதல் தகராறு வேலியில் வந்தது. பந்து வேலியைத் தாண்டினால்?

"அவுட்" என்றேன் நான்.

"அவுட்" என்றான் கார்த்திக். யாழ்ப்பாண ஒழுங்கையும் சென்னைத் தெருவும் ஒத்துப்போன அபூர்வமான கணம் அது.

"பேஸ்போலில அதுதான் ஹோம் ரன்!" என்று ஆரணி தலையில் கைவைத்தாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பக்கத்து வீட்டு அம்மா, ஃபிராவ் ஷ்மிட்ஸ். ஞாயிறு பிற்பகலில் அவர் வீட்டு மணியை அடிக்கும் தைரியம் எங்கள் யாருக்கும் இல்லை. அவுட் என்றே முடிவானது.

இரண்டாவது தகராறு... நான்.

அடித்தேன், ஓடினேன். மட்டை கையில்.

"அப்பா, மட்டையைப் போட்டுட்டு ஓடுங்கோ! பள்ளிக்கூடத்தில இதே மாதிரிப் பிறென்பால் விளையாடேக்க வெறுங்கையோடதானே ஓடுறனாங்கள்!"

"அது ஏலாது பிள்ளை. மட்டையைப் போட்டுட்டு ஓடினால் கோயிலில செருப்பை விட்டுட்டு வீட்டை வந்த மாதிரிக் கிடக்கு."

கார்த்திக்கும் மட்டையோடுதான் ஓடினான். பாதி வழியில் நினைவு வந்து அதைத் திரும்பிப் பார்த்தான், மனம் வராமல் பிறகும் கொண்டே ஓடினான். எனக்கு அவன்மேல் பாசம் வந்தது அப்போதுதான்.

யோசித்துப் பார்க்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து எத்தனை பழக்கங்களைக் கீழே போட்டிருக்கிறேன்! சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீட்டுக்குப் போவதை விட்டேன். காக்கை குருவி இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிறேன். ஆனால் இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு கையில் ஒரு மட்டை வந்ததும், கை என்னைக் கேட்கவே இல்லை. புது விளையாட்டு என்று தலைக்குத்தான் தெரிந்தது.

கடைசி ஆட்டம். ஆரணி நாலு ஓட்டம், நான் மூன்று. "தோத்தால் அந்த நாற்பத்திரண்டுக் கதையை இனி இந்த வீட்டில சொல்லக்கூடாது" என்று ஆரணி பந்தயம் வைத்திருந்தாள். அதுவரை தவறிய பந்து இரண்டு தடவை செடியில் பட்டிருந்தது. ஓர் இலைகூட விழவில்லை. சுகந்தியின் முகத்தில்கூட நிம்மதி.

அடித்தேன். பந்து ரோஜாப் பற்றைக்குள். குழாய், பெட்டி, வாளி... ஆரணி பந்தை எடுத்துவிட்டாள். எறிய ஓங்குகிறாள். எனக்கும் கால்மிதிக்கும் நடுவில் மூன்று அடி.

ஒரு கிரிக்கெட்காரன் என்ன செய்வான்? அதையேதான் செய்தேன். குனிந்து, கையை நீட்டி, மட்டையைத் தரையோடு சறுக்கினேன்.

அது நம் மட்டையைவிட நிறை குறைவு, நிற்காமல் வழுக்கும் என்பதை மறந்துபோனேன். கால்மிதியைத் தாண்டியது. செடிச் சாடியில் ஏறித் தண்டில் இடித்தது. சட்டென்று ஒரு சத்தம். செடி, ஒரு சாண் உயரத்துக்கு மேலே, முறிந்து எனக்கு முன்னால் விழுந்தது.

"சேஃப்..." என்றாள் ஆரணி, மெல்ல.

"ஆர் சேஃப்?" என்றாள் சுகந்தி.

அவ்வளவுதான். ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயற்றங்காயைக் கீழே வைத்துவிட்டு வந்து, சிந்திய இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஒரு செடிக்காக அறுபதை நெருங்குகிறவன் குளியலறைக்குள் போய் அழுவானா? அழுதேன். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான்.

அன்று மட்டை கெல்லருக்குள், நிலவறைக்குள், போனது. சாவி சுகந்தியிடம். நாற்பத்திரண்டு ஓட்டக் கதையை அதன்பிறகு நானாகவே சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் அந்த மொட்டைத் தடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலையாயிற்று. இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.

போன ஞாயிறு. தோட்டத்திலிருந்து சுகந்தியின் சத்தம்.

"இஞ்சேருங்கோ! ஒருக்கா ஓடி வாங்கோ!"

ஓடினேன். தடியின் இரண்டு பக்கமும் இரண்டு பச்சைத் துளிர்கள். உளுந்தளவுதான். கார்த்திக்கும் மேலேயிருந்து இறங்கி வந்து போனில் தேடிப் பார்த்தான்.

"ஆன்ட்டி, டாப்பை கட் பண்ணினாதான் நல்லா புஷ்ஷியா வளருமாம்!"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா நான்? "அப்ப நான் செய்தது நல்ல காரியம்தானே?" என்றேன்.

சுகந்தி சாவியை எடுத்தாள். கெல்லருக்குப் போனாள். மட்டையோடு வந்தாள். சாடியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். கால்மிதியில் ஏறி நின்றாள்.

"எறியுங்கோ."

எறிந்தேன். பந்து வழக்கம்போல் வளைந்தது. அவளும் கொஞ்சம் வளைந்து ஒரு விளாசு விளாசினாள். பந்து என் தலைக்கு மேலே, ரோஜாவுக்கு மேலே, வேலிக்கு மேலே போய் ஃபிராவ் ஷ்மிட்ஸ் பக்கம் மறைந்தது. மட்டையைப் பூப்போலக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு ஓடினாள். குழாய், பெட்டி, வாளி, கால்மிதி. மூச்சு வாங்க நின்று எங்களைப் பார்த்தாள்.

வேலியைத் தாண்டினால் அவுட். நாங்களே போட்ட விதி. ஆரணி என்னைப் பார்த்தாள். கார்த்திக் வானத்தைப் பார்த்தான்.

"ஹோம் ரன்!" என்று கத்திவிட்டு, ஃபிராவ் ஷ்மிட்ஸ் வீட்டு மணியை அடிக்கப் புறப்பட்டேன்.