எண்ணெய் பட்ட கை

எதைக் கண்டாலும் மூக்கை நுழைத்துப் பார்க்கிற புத்தி எனக்கு. எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரருக்கு அங்கே கேஸ் கட்டிங் வேலை. கறுப்புச் சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜன் இரும்பையே வெட்டும் என்பார். எண்ணெய்க் கையோடு அதைத் தொட்டால் தீப்பிடிக்கும் என்பார். ஏன், எப்படி என்று துளைத்தெடுப்பேன்.

"ஏளா, ஒன் வாயக் கொஞ்சம் பூட்டி வைக்க மாட்டியா?" என்று எரிந்து விழுவார்.

தலைப்பிள்ளைக்கு அப்போது எட்டு மாதம். சளி என்று நெஞ்சில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயைத் தேய்த்தேன். மறுநாள் பால் குடிக்கவில்லை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. இத்தனை சின்ன உடம்பில் இவ்வளவு பெரிய குழியா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு நீலம் பாரித்ததும் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நிமோனியா என்று ஊசி போட்டார்கள். ஊசி வேலை செய்யும்வரை பிள்ளை தாங்க வேண்டுமே என்று நர்ஸ் ஒரு சிலிண்டரை உருட்டி வந்தார். அதே கறுப்பு. என் வீட்டுக்காரர் பிள்ளையை அள்ளிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"இரும்பு வெட்டுத வாயு இது! பிள்ளை நெஞ்சு பூரா எண்ணெய், எரிஞ்சிருவாம்லா!"

"அண்ணாச்சி, பிள்ளைக்கு மூச்சே இதுதான். இங்கன கிடத்துங்க."

"குடுக்க மாட்டேன்."

இரும்பை வெட்டுவது எப்படி மூச்சாகும்? எனக்கும் விளங்கவில்லை. நர்ஸ் கையிலிருந்த ரப்பர் குழாயை வாங்கி என் மூக்கில் வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். வாசமே இல்லை. வெறும் காற்று, கொஞ்சம் சில்லென்று.

"எனக்கு ஒண்ணும் எரியல, பிள்ளையைக் குடுங்க" என்றேன்.

அவர் தன் துண்டால் பிள்ளையின் நெஞ்சைத் துடைத்துத் துடைத்து, தோல் சிவந்த பிறகே கொடுத்தார். "துடைச்சது நல்லதுதான்" என்று நர்ஸும் ஒத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் உதட்டில் நீலம் குறைந்தது. குழி மட்டும் போகவில்லை. அடுத்த நாட்களில் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. அது தூர்ந்துபோன சாயங்காலம் பிள்ளை முகத்தைத் திருப்பி என் மார்பைத் தேடினான். வாய் வைத்துக் குடித்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வேலை முடிந்து நேரே வந்து வாசலில் நின்றவரைக் கூப்பிட்டேன். பாய்ந்து வருவார் என்று பார்த்தால் ஆளையே காணோம். பிறகு வந்தார், முழங்கை வரை ஈரம் சொட்ட.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "ஏளா, இப்பத் தொடலாமா?"