பிணம் வந்தாச்சா?

போன சனிக்கிழமை ஒரு பிணத்துக்குப் புடவை கட்டினேன்.

கொசுவம் வைக்கும்போது அது என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, கொஞ்சம் லூசா கட்டுங்க... ரொம்ப நேரம் படுத்திருக்கணும்" என்றது.

பயப்படாதீர்கள். பயப்பட வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது.

ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீட்டு மாடியில் நான் நாடக உடுப்புகள் வாடகைக்கு விடுவது, இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கீழே ஆணியும் சங்கிலியும் விற்கிற கடை. மேலே ராஜா, ராணி, மந்திரி. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்; இந்தப் பத்திகூட நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவதுதான். ஆனால் என் புடவைகள் வருஷம் தவறாமல் பல்கலைக்கழகம் போய் வருகின்றன. சில புடவைகளுக்குப் பட்டமே கொடுக்கலாம்!

இந்த முறை தேடி வந்தவர்கள் இரண்டு பேர். தமிழ் மாணவர் மன்றத் தலைவன் பிரசாந்த், மூன்றாம் ஆண்டு. அவனோடு ஹரிணி, இரண்டாம் ஆண்டு, வாய் ஓயாத பெண். புது மாணவர்களை மன்றத்துக்குள் இழுக்க ஒரு பேய் வீடு நடத்துகிறார்களாம்.

"வெள்ளைச் சேலையா?" என்றேன். பேய் என்றால் எல்லாரும் அதைத்தானே கேட்பார்கள்?

"வேணாம் ஆன்ட்டி. வெள்ளைச் சேலைப் பேய் எல்லா ஃபேகல்ட்டியும் பண்றாங்க லா," என்றான் பிரசாந்த். "நாங்க சாவு வீடு போடுறோம். அசல் தமிழ்ச் சாவு வீடு. நடுவுல பாடி. பக்கத்துல ஹரிணி ஒப்பாரி. உள்ள வர்றவங்க ஒவ்வொருத்தரா போய்ப் பூப் போட்டுட்டு வெளிய வரணும்."

"பேய் எங்கடா?"

"பேயே கிடையாது. அதான் பயம்."

பையன் கெட்டிக்காரன்.

"சுமங்கலி பாடி ஆன்ட்டி," என்றாள் ஹரிணி. "சிவப்புப் பட்டு, மஞ்சள், வளையல், பூ. எங்க யாருக்கும் கட்டத் தெரியாது. நீங்களே வந்து கட்டிவிடுங்களேன்... பிளீஸ் பாட்டி!"

"பாட்டின்னா வாடகைக்கு இல்ல."

"ஆன்ட்டி! ஆன்ட்டி!"

போனேன். ஏன் போனேன்? பெருமைதான், வேறென்ன? எங்கள் மாதா கோயில் பங்கில் ஒரு பெண் இறந்துபோனால் கடைசிப் புடவை கட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் வேதக்காரி. இருந்தாலும் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இந்து வீட்டுக்காரர்களும் கூப்பிடுவார்கள். படுத்த உடம்புக்குக் கொசுவம் கலையாமல் கட்டுவது எல்லாருக்கும் கைவராது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை.

பல்கலைக்கழகத்தில் இருட்டிய பிறகு இந்த மாதிரிக் கூத்துக்கு அனுமதி கிடையாதாம். அதனால் பேய்க்குப் பகல் டியூட்டி! ஜன்னல் இல்லாத ஓர் அறையில் சுவர் முழுக்கக் கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள். மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளை விரிப்பு. நெருப்புக் கூடாது என்பதால் தலைமாட்டில் பேட்டரி விளக்கு. ஆனால் மல்லிகை நிஜம், பன்னீர் நிஜம். வெளியே வெயில் கொளுத்துகிறது, மாணவர்கள் பபிள் டீ குடித்துக்கொண்டு போகிறார்கள்... கதவைத் தாண்டினால் சாவு வீட்டு வாசனை. ஏர்கானை வேறு உறைகிற குளிருக்கு வைத்திருந்தார்கள்.

"பிணம் வந்தாச்சா?" என்று யாரோ கத்தினார்கள்.

"பிணம் டாய்லெட் போயிருக்கு!"

ஒரே சிரிப்பு.

முதுகில் பையோடு ஓடி வந்தாள் ஒரு மெலிந்த பெண். முதலாம் ஆண்டு. "சாரி, சாரி" என்றபடி கூட்டத்தை விலக்கினாள்.

"பிணம், சாப்ட்டியா?"

"டேய், பிணத்துக்கு ஒரு மைலோ குடுங்கடா!"

அவளும் சிரித்தாள். வாட்ஸப் குழுவிலும் அவளுக்கு அந்தப் பெயர்தானாம்.

எனக்குச் சுருக்கென்றது. உயிரோடு இருக்கிற பிள்ளையை அப்படியா கூப்பிடுவது? மேலே இருக்கிற தேவர்கள் 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடுவார்கள் என்பார் என் பக்கத்து வீட்டுக்காரம்மா. அதெல்லாம் மூடநம்பிக்கை என்பார் எங்கள் பங்குச் சாமியார். சாமியார் சொன்னால் சரிதான். ஆனால் சாமியாரை யாரும் 'பிணம்' என்று கூப்பிடுவதில்லையே!

பக்கத்து அறையில் அவளுக்குப் புடவை கட்ட ஆரம்பித்தேன். பெயர் கேட்டேன். சொன்னாள்.

"நல்ல பேரு. அப்புறம் ஏன் இவங்க இப்படிக் கூப்பிடுறாங்க?"

"யாரும் பேர் கேக்கல ஆன்ட்டி. பாடியா படுக்க ஒருத்தரும் ஒத்துக்கல, நான் கையத் தூக்கினேன். அன்னையிலேர்ந்து இதுதான் பேரு." வளையலைத் திருகினாள். "பரவால்ல. அதுக்கு முன்னாடி என்னை யாரும் எதுவுமே கூப்பிட்டதில்ல."

வீடு தெம்பனிஸில். பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு அப்பீல் செய்து, கடைசி நேரத்தில்தான் இடம் கிடைத்ததாம். அதனால் புது மாணவர்களுக்கான ஓரியன்டேஷன் கேம்ப் தவறிப்போய்விட்டது. அதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அங்கதான் ஆன்ட்டி எல்லாமே. கேம்ப்ல ஒரு குரூப்ல போடுவாங்க. அந்த குரூப்தான் அப்புறம் ஃப்ரெண்ட்ஸ். சாப்பிடறது, லெக்சர்ல சீட் பிடிக்கிறது, புராஜெக்ட், எல்லாம் அவங்ககூடத்தான். நான் வந்தப்ப எல்லாரும் செட் ஆயிட்டாங்க. நான் மாடிப்படில உக்காந்து சாப்பிடுவேன்."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"நிறைய ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கன்னு சொல்லியிருக்கேன்."

முந்தானையை மடித்துத் தோளில் குத்தினேன். அவளே பேசினாள்.

"இன்னைக்கு ஷோ முடிஞ்சதும் எல்லாரும் பிராட்டா சாப்பிடப் போறாங்க ஆன்ட்டி. யாராவது என்னையும் வான்னு கூப்பிட்டா, இருப்பேன். இல்லாட்டி... திங்கக்கிழமை போய்ப் படிப்ப நிறுத்திக்கிறேன்னு சொல்லிடுவேன்."

"கூப்பிடணுமா என்ன? நீயே கூடப் போயேன்."

"போன தடவை போனேன். நாற்காலி இல்ல."

கட்டி முடித்து அவளைக் கறுப்புத் துணி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மேசைமேல் படுக்க வைத்தேன். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினேன். நெற்றியில் மஞ்சள், அதன்மேல் குங்குமம். கண்ணை மூடு என்று சொல்வதற்குள், பழக்கதோஷம், இமைகளை நானே விரலால் நீவி மூடிவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். என் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை! அதே மடிப்பு, அதே முடிச்சு, அதே குளிர்ந்த நெற்றி. என்னையறியாமல் உதடு செபம் சொல்ல ஆரம்பித்திருந்தது — இறந்தவர்களுக்கான செபம். பாதியில் நிறுத்தினேன். பாதிச் செபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சாவு வீட்டில் ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருந்தால் இன்னும் அசலாக இருக்கும் என்றான் பிரசாந்த். எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டான்.

கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வாசலில் கிசுகிசு, சிரிப்பு. உள்ளே நுழைந்ததும் சத்தம் அடங்கிவிடும். ஹரிணி தலைமுடியை விரித்துப் போட்டு அழுத அழுகை இருக்கிறதே... என்னையே ஒரு கணம் கலக்கிவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பூப் போட்டார்கள்.

"டம்மிதான்டா," என்றான் ஒருவன். நிஜமா என்று பார்க்க அவள் பாதத்தில் விரலால் குத்தினான். அவள் அசையவில்லை. நான் அவள் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டு எழும்பவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூச்சை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் இந்தப் பெண்?

ஒப்பாரியில் ஓர் இடத்தில் செத்தவள் பெயரைச் சொல்லி அழ வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஹரிணி தடுமாறினாள். ஒரு தடவை பிரசாந்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். "என் தங்கமே" என்று போட்டு நிரப்பிக்கொண்டாள்.

கடைசிக் கூட்டம் போனதும் விளக்கைப் போட்டார்கள். கைதட்டல், கூச்சல். எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"பிணம், எழுந்திரிக்காத! அப்படியே இரு, செம்மயா இருக்கு!"

படம் எடுத்தார்கள். "பசிக்குது, வா வா வா" என்று ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் பக்கத்து அறையில் வேட்டிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து, லிஃப்டுக்குள் போய், நின்றது.

பட்டுப்புடவையை வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தேன். யாரோ பொறுப்பாக விளக்கை அணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலைமாட்டுப் பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தது.

அவள் அப்படியே கிடந்தாள்.

"எழுந்திரும்மா. முடிஞ்சுபோச்சு."

நெற்றியைத் தொட்டேன். ஐஸ். மாதாவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

உதடு மட்டும் அசைந்தது. "எல்லாரும் போயிட்டாங்களா ஆன்ட்டி?"

"போயிட்டாங்க."

"யாராவது திரும்பிப் பாத்தாங்களா?"

நான் பார்த்திருந்தால்தானே சொல்ல? குனிந்து கால் கட்டை அவிழ்க்கப் போனேன்.

"அவிழ்க்காதீங்க ஆன்ட்டி. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்." கண் மூடியே இருந்தது. "இங்க படுத்திருந்தப்பதான் எல்லாரும் என் பக்கத்துல வந்தாங்க. பூப் போட்டாங்க. ஒரு பொண்ணு நிஜமாவே அழுதுச்சு."

பேய்க்குக்கூட நான் இப்படிப் பயந்திருக்க மாட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் அவசரக்காரி இல்லை. உடம்போடு காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் இந்த உடம்பு, தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. காலடிச் சத்தம் கேட்டது. ஓடி வருகிற சத்தம்.

ஹரிணி. வாசலோடு நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி... அவ நல்லா இருக்கால்ல?"

"ஏன் கேக்குற?"

உள்ளே வராமலே போனை நீட்டினாள். எழுந்து போய்ப் பார்த்தேன். எடுத்த படம்தான். சுற்றிலும் பல்லாகச் சிரிக்கிற முகங்கள். நடுவில் சிவப்புப் பட்டு.

கண் திறந்திருந்தது. நேராக நம்மையே பார்த்தது.

"மத்தியானம் பூரா பக்கத்துல உக்காந்து அழுதேன் ஆன்ட்டி. ஒரு தடவைகூடக் கண்ணத் திறக்கல. இதுல மட்டும்..." ஹரிணி போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள். "கடையில எல்லாரும் சிரிக்கிறாங்க, பிணம் முழிச்சுக்கிச்சுன்னு. எனக்குச் சாப்பாடு இறங்கல. போன் பண்ணலாம்னு பாத்தா... பேர் தெரியல. இவ்ளோ நேரம் யாருக்காக அழுதேன்னே எனக்குத் தெரியல. அவ பேர் என்ன ஆன்ட்டி?"

பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை.

"அதோ இருக்கா. அவகிட்டயே கேளு."

வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உள்ளே வந்தாள். ஒப்பாரி வைத்த அதே இடத்தில் மண்டி போட்டாள். காதோரம் குனிந்தாள்.

"உன்... உன் பேர் என்ன?"

எத்தனையோ சாவு வீடு பார்த்திருக்கிறேன். படுத்திருப்பவளிடம் பெயர் கேட்டு யாரையும் பார்த்ததில்லை. ஏர்கான் இரைந்துகொண்டிருந்தது. பதில் வராமல் போய்விட்டால்? நிஜமாகச் சொல்கிறேன் — அந்தக் கணத்தில் எனக்கு அந்தப் பயம் இருந்தது.

"தர்ஷினி."

மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

"போட்டோவுலயாவது நானும் இருக்கணும்னு... திறந்தேன். சாரி. படத்தக் கெடுத்துட்டேனா?"

ஹரிணி இப்போது அழுதாள். மத்தியானம் அழுத அழுகையில் பாதிக்கூட இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அசிங்கமாக.

"தர்ஷினி, எழுந்திரு. சாப்பிடப் போலாம், வா."

"நாற்காலி இருக்குமா?"

"இல்லாட்டி பிரசாந்த் நிக்கட்டும் லா!"

கால் கட்டை ஹரிணிதான் அவிழ்த்தாள். நான் போட்ட முடிச்சு லேசில் அவிழாது. நகத்தால் பிராண்டிப் பிராண்டி அவிழ்த்தாள். நான் கை கொடுக்கவில்லை.

"ஆன்ட்டி, புடவை?" என்றாள் தர்ஷினி, மரத்த காலைத் தேய்த்துக்கொண்டே.

"கட்டிக்கிட்டே போ. திங்கக்கிழமை கொண்டா."

இரண்டு பேரும் ஓடினார்கள். திரும்பிப் பார்த்தேன். மேசைமேல் பூக்கள் சுற்றிலும் சிதறிக் கிடக்க, நடுவில் ஆள் படுத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாக, தலையும் தோளும் காலுமாக, அப்படியே இருந்தது. பேட்டரி விளக்கை அணைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எரியட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை தர்ஷினி கடைக்கு வந்தாள். படிப்பை நிறுத்தப் போகவில்லை. லெக்சருக்கு நேரமாகிவிட்டது, ஹரிணி கீழே காத்திருக்கிறாள் என்று பையை வைத்துவிட்டு ஓடிவிட்டாள்.

புடவையை விரித்துப் பார்த்தேன். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆட்டுக்கறிக் குழம்பு! அலசிப் பார்த்தேன், போகவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் ஜாலான் புசார் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன்.

ஆனால் பிணத்துக்குக் கட்டிய புடவையில் குழம்பு சிந்தியிருந்தால்... கோபப்படவா முடியும்?