சும்மா சூடாகும் அடாப்டர்

கசோண்டே கரண்டில் செருகிய அடாப்டரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறாள். ஒயரின் மறுமுனையில் எதுவும் மாட்டவில்லை. எதிரே வாங்க வந்தவர் இரண்டு முறை இருமிவிட்டார்.

"சும்மா இருக்கறப்பவே சுடுது. இது தண்டச்சோறு. வேண்டாம்" என்று அதைக் கூடையில் எறிகிறாள். அவள் விற்கக் கொண்டுவந்த சரக்குதான்.

கிட்வே நகரச் சந்தையில் அவளுடைய அடாப்டர், பேட்டரிக் கடைக்கு அடுத்தது என் கருவாட்டுக் கடை. வருகிறவர்களிடம் "என்ன வேணும்?" என்று அவள் கேட்டதில்லை. "உங்க மெஷின் என்ன கேக்குது?" என்பாள். தெரியாவிட்டால் மெஷினையே தூக்கிவரச் சொல்வாள். ஒரு பாதிரியாரை, ரேடியோவின் அடியில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்க வைத்தாள். நின்றிருந்த இருவர் ஆமென் சொன்னார்கள். அவள் சிரிக்கவில்லை.

போன மாதம், காலை எட்டுக்குப் போகும் கரண்ட் மாலை ஐந்துக்குத்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, பிரசவ விடுதி நர்ஸ் நமுகோலோ மூச்சிரைக்க வந்தார். அங்கே ஒரு குறைமாதக் குழந்தை. மூச்சு நின்றால் கூவும் சின்னக் கருவி ஒன்று அதற்குக் காவல். பேட்டரியோ நாலு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது.

"பெரிய பேட்டரியா ஒண்ணு குடும்மா."

"பேட்டரிய விடுங்க சிஸ்டர். நடுவுல என்ன இருக்கு?"

"இன்வெர்ட்டர். அதுல அடாப்டர்."

"பேட்டரி குடுக்கறது பன்னிரண்டு வோல்ட். மெஷின் கேக்கறது?"

"ஒன்பதுன்னு போட்டிருக்கு."

"அப்புறம் எதுக்கு இன்வெர்ட்டர்ல இருநூத்தி முப்பது வரைக்கும் ஏறி, அடாப்டர்ல இறங்கணும்? முக்காவாசி கரண்ட் வழியிலயே சூடாகிச் செத்துடுது."

பன்னிரண்டை நேரே ஒன்பதாக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கசோண்டே எடுத்து நீட்டினாள்; தீப்பெட்டி அளவு இருந்தது. நர்ஸ் அதைத் தொடவில்லை.

"இத நம்பியா புள்ளைய விடச் சொல்ற?"

"வேண்டாம். என்னை நம்புங்க. நான் கூட வந்து உக்காந்துக்கறேன்."

சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுக் கடையைச் சாத்தினாள். ஒன்பது மணிக்குள், மீட்டர் வைத்து மூன்று முறை அளந்து, கன்வெர்ட்டரை மாட்டிவிட்டாள். மதியச் சோறு கொண்டுபோனபோது பார்த்தேன். கருவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணி நேரம் தாண்டியதும் நர்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். கருவியின் பச்சை விளக்கு அணையவில்லை. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தபோதும் எரிந்துகொண்டிருந்தது.

குழந்தையின் தாய் கசோண்டேயின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் குழந்தையின் முகத்தில் விழுந்தது. கசோண்டே கையை விடுவித்துக்கொண்டு, இரண்டடி நகர்ந்து, ஜன்னலை மறைத்து நின்றாள்.