பாலத்தின் வயிற்றுக்குள் மூன்று தட்டு

இதைக் கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள், பெண்டாங் பக்கத்து எஸ்டேட் ஆற்றுப் பாலத்தில் ஒரு தடவை தனியாக நடந்துவிட்டு வந்து சிரிக்கட்டும். எவலின் பொய் சொல்கிறவள் இல்லை. பொய் சொல்லி அவளுக்கு என்ன கிடைக்கப்போகிறது? கூடப்பிறந்தவன் போய்விட்டான்.

அது இரும்பு நடைபாலம். பிள்ளைகள் ஓடினால் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆட்டத்தை அடக்கும் வேலையை ஜித்ராவைச் சேர்ந்த எவலினும் அவள் அண்ணன் மார்க்கஸும் எடுத்திருந்தார்கள். பாலத்தைத் தாங்கும் உத்தரம் உள்ளே வெறும் பெட்டி. ஆள் தவழ்ந்து போகலாம். உள்ளே இறங்க அந்தக் கரையில் ஒரே ஒரு மூடிதான். மார்க்கஸ் அதன் வழியாகப் போய், தீப்பெட்டி அளவுள்ள பியெசோ சில்லுகளைப் பசை வைத்து இரும்பில் ஒட்டுவான். சில சில்லுகள், இரும்பு அதிர்ந்தால் மின்சாரம் கொடுக்கும். இந்தக் கரையில் வேனுக்குள் எவலின் பார்க்கும் திரையில் கோடு துள்ளும். மற்றவை, கரையில் வைத்திருக்கும் கண்ட்ரோல் பெட்டியை ஆன் செய்து மின்சாரம் கொடுத்தால் இரும்பை எதிர்ப்பக்கம் இழுத்து அதிர்வை அமுக்கிவிடும்.

ஒவ்வொன்றும் ஒட்டியதும் மார்க்கஸ் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக் காட்டுவான். இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. ‘ஒட்டியாச்சு’ என்று அர்த்தம். இரும்புக்குள் போன் எடுக்காது. அண்ணன் தங்கைக்குள் அதுதான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலே முக்கால். மார்க்கஸ் வேன் படியில் உட்கார்ந்து பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தான். பாலத்தில் ஈ காக்கை இல்லை.

திரை துள்ளியது.

டொக்... டொக்...

டொக்.

“அண்ணே... நீ இங்கதானே இருக்க?”

“பின்ன எங்க இருக்கேன்? ஒயர் லூசா இருக்கும்லா.”

ஒயரெல்லாம் மாற்றியாயிற்று. புதன்கிழமையும் அதே தட்டு வந்தது. வியாழக்கிழமை மார்க்கஸே டார்ச்சோடு இறங்கி, மூலை முடுக்கெல்லாம் தவழ்ந்து பார்த்தான். ஒரு எலிகூட இல்லை. பாலத்தைக் கடந்து வேனுக்கு வந்து கையைத் துடைக்கிறான்... டொக், டொக்... டொக். அவன் கடைசியாகத் தொட்டுவிட்டு வந்த சில்லிலிருந்து.

எவலின் திரையை விட்டு எழுந்துவிட்டாள். “வேணாண்ணே. இந்த வேலைய விட்டுருவோம்.”

“சனிக்கிழம பாலத்தப் பாக்க ஆபீசருங்க வராங்க, இப்ப போய் விடுறதாவது! கண்ட்ரோல ஆன் பண்ணு. அதையும் சேத்து அமுக்கிடும் பாரு.”

ஆன் செய்தாள். கோடு நேரானது. “பேய்க்கே வாயக் கட்டியாச்சு!” என்றான் மார்க்கஸ். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிரித்தார்களே, பாவிகள்.

சனிக்கிழமை காலையில் ஒரு சில்லு பசை விட்டிருந்தது.

“ஒட்டிட்டு அந்தக் கரையிலயே பஸ் பிடிச்சு அலோர் ஸ்டார் போயிடுறேன். இன்னைக்கு நம்ம கூட்டாளி கேப்ரியல் வீட்ல தங்கிக்குவேன். எனக்காகக் காத்திருக்காத” என்று சொல்லிவிட்டு மார்க்கஸ் போனான். அவன் தட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கண்ட்ரோலை அணைக்க வேண்டும். எவலினுக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு பாட்டம் மழை கொட்டி ஓய்ந்தது. ஆபீசர்கள் வந்தார்கள். எஸ்டேட் பிள்ளைகளைப் பாலத்தில் கத்திக்கொண்டே ஓடச் சொன்னார்கள். பாலம் அசையவில்லை. திரையில் கோடு நேராக இருந்தது. கை குலுக்கிவிட்டுப் போனார்கள்.

மறுபடி மழை. எவலின் தனியாகச் சாமான்களை ஏற்றினாள். ஏறக்குறைய ஆறரை. கிளம்புமுன் ஒரே ஒரு தடவை கண்ட்ரோலை அணைத்துப் பார்த்தாள்.

டொக்... டொக்...

டொக்.

உடனே மறுபடியும். மறுபடியும்.

இத்தனை நாளும் ஒரு தடவை தட்டிவிட்டு நின்றுவிடும். இன்று நிற்கவில்லை...

வேகமாக...

பலமாக...

“இயேசுவே!” என்று கண்ட்ரோலைத் திரும்பவும் ஆன் செய்தாள்.

கோடு நேரானது.

வேனை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஜித்ராவுக்கு ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மார்க்கஸ் வரவில்லை. கேப்ரியலுக்குப் போன் போட்டாள். “நேத்து அவன் இங்க வரவே இல்லையே” என்றான். எவலின் பெண்டாங்குக்குப் பறந்தாள்.

மூடி வெளியிலிருந்து திருகி இறுக்கப்பட்டிருந்தது. எஸ்டேட்டில் வேலை செய்யும் முனியாண்டி ஓடி வந்தார். “மழத் தண்ணி உள்ள போகுதேன்னு நான்தாம்மா மூடுனேன். நேத்து காலையில. ரெண்டு வாட்டி கூப்ட்டேன், மழ இரைச்சல்ல ஒரு சத்தமும் கேக்கல...”

சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தவர் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூடிக்குக் கீழேயே கிடந்தான் மார்க்கஸ். இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் பிய்ந்திருந்தன.

பசை நாற்றத்தில் உடனே மயங்கியிருப்பான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொந்தக்காரர்கள் தேற்றினார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. உயிர் போனது ஞாயிறு விடியற்காலையில் என்றார்.

செவ்வாய்க்கிழமை தட்டியது எது? யாருக்கும் தெரியாது. பழைய விபத்து, பழைய சாவு ஏதும் உண்டா என்று எஸ்டேட் முழுக்க எவலின் விசாரித்துவிட்டாள். அந்தப் பாலத்தில் அதுவரை ஒரு சாவும் இல்லை.

மார்க்கஸை அடக்கம் செய்த பிறகு எத்தனையோ சாயங்காலம் அவள் அங்கே போனாள். கண்ட்ரோலை அணைத்துவிட்டு, இருட்டும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனாவது தட்டமாட்டானா, அந்தப் பேயாவது தட்டாதா என்று அழுதாள்.

கோடு அசையவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, பாலத்துக்குள் எதுவும் தட்டவே இல்லை.