தேநீர்ப் பெட்டிகளும் ஒரு லீவும்

ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு விதி இருந்தது: எழுத்து மூலமான கோரிக்கைக்குக் கெடுவுக்குள் பதில் வராவிட்டால், அது ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

அமீரகத்தின் அல் ஐனில் நாங்கள் போட்ட சாலைக்கு முதன்மை ஒப்பந்தக்காரர் ஒரு சீன நிறுவனம். அவர்களுக்குக் கீழே வேலை எடுத்த சிறு கம்பெனி எங்களுடையது; கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு. எங்கள் புதுக்கோட்டை ஃபோர்மேனுக்கு ஆவணியில் மகள் கல்யாணம். அவர் ஊருக்குப் போக வேண்டுமானால், மாற்று ஆளைச் சீனர்கள் ஏற்க வேண்டும். எழுதினேன். கெடு முடிந்தது. பதில் இல்லை.

“விதிப்படி நீங்கள் கிளம்பலாம்” என்றேன் ஃபோர்மேனிடம்.

“பேசாம இருந்தா சரின்னு பொண்ணு பாக்கப் போன வீட்லதான் சார் எடுத்துக்குவாங்க. திரும்பி வந்தா கேட்லயே நிறுத்திட்டாங்கன்னா, நீங்களா வந்து விதியைப் படிச்சுக் காட்டுவீங்க?”

நேரில் போனேன், ஒரு பெட்டி முந்திரியோடு. அவர்களுடைய மேலாளர் வாசல்வரை வந்து வரவேற்றார். முழு மீன் வைத்து விருந்து. கிளம்பும்போது, நான் கொடுத்ததைவிடப் பெரிய தேநீர்ப் பெட்டி ஒன்றைத் தந்தார். லீவைப் பற்றி மூச்சு இல்லை. அடுத்த முறை பேரீச்சம்பழம் கொண்டு போனேன். பீங்கான் கோப்பைகள் கிடைத்தன.

சீன வரலாறு கொஞ்சம் படித்திருந்ததால் இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. அவர்களுடைய பேரரசர்கள் அயல்நாட்டுத் தூதர்களை இப்படித்தான் நடத்தினார்கள். காக்க வைத்து, வயிறாரச் சாப்பிட வைத்து, கொண்டு வந்ததைவிட அதிகம் கொடுத்து அனுப்புவார்கள். கேட்க வந்தவர் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவார். இன்று துறைமுகமும் சாலையும் கட்டித் தருகிறார்கள், முறை பழையதுதான். பிரிட்டிஷ் கம்பெனிக்காரர்கள் முடியாது என்பதை மூன்று பக்கத்துக்கு எழுதுவார்கள். அதற்கு மறுப்பு எழுதலாம். தேநீருக்கு என்ன எழுதுவது?

மூன்றாம் முறை வெறுங்கையோடு போனேன். மேலாளர் பட்டுத்துணி சுற்றிய பெட்டியை நீட்டினார். வாங்கவில்லை.

“கல்யாணத்துக்குப் பெண்ணின் அப்பா போனால் போதும்” என்றேன்.

மொழிபெயர்த்த பெண் அதை மிகவும் தணிந்த குரலில் சொன்னாள். அவருடைய ஆட்கள் எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். அவர்கள் முன்னால் அந்தப் பெட்டியை எங்கே வைப்பதென்று மேலாளருக்குத் தெரியவில்லை.

“போகட்டும். கலாஸ், முடிந்தது” என்றார், பெட்டியைப் பிடித்தபடியே.

வேலையில் இருந்த காலம் முழுவதும், வெறும் வாய்ச்சொல்லை நம்பி நான் லீவுத் தாளை அனுப்பியது அந்த ஒரு தடவைதான். ஃபோர்மேன் போய், மகளைத் தாரை வார்த்துக் கொடுத்து, லீவு முடிந்து டூட்டிக்கும் திரும்பிவிட்டார். அவருடைய கோரிக்கை மகிழ்ச்சியுடன் ஏற்கப்படுவதாகச் சீன நிறுவனத்தின் எழுத்து மூலமான பதில் வந்தது, மகளின் தலை தீபாவளி அன்று.